எது முதலில் கொதிக்க வேண்டும்: மசாலா டீயின் வரலாறும் அடுப்படி வேதியியலும்

மசாலா டீக்கு ஐயாயிரம் ஆண்டு வயது, யாரோ ஓர் அரசன் அரண்மனைக்குள் ரகசியமாகக் காய்ச்சிக் குடித்த பானம் அது என்றொரு கதை நெடுநாளாக உலவுகிறது. மசாலாப் பொட்டலம் விற்பவர்களுக்குத் தோதான கதை. அதில் அரைக்கால் பங்கு உண்மையும் உண்டு. இஞ்சி, மிளகு, ஏலம், கிராம்பு இவற்றைத் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்துக் குடிப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. தமிழ் வீடுகளில் சளி பிடித்தால் சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் இன்றும் அடுப்பேறுகின்றன. காப்பித்தூள் ஒரு சிட்டிகைகூட இல்லாவிட்டாலும் அதைச் சுக்குக் காப்பி என்றுதான் சொல்கிறோம். ஆனால் தேயிலை, பால், சர்க்கரை, மசாலா நான்கும் ஒரே பாத்திரத்தில் கொதிக்கிற பானத்துக்கு வயது ஏறத்தாழ நூறுதான். அது வைத்தியர் வீட்டில் பிறந்ததைவிட, டீத்தூளை மிச்சம்பிடிக்க நினைத்த வியாபாரியின் அடுப்பில் பிறந்தது என்று சொல்வதற்கே சான்றுகள் கூடுதலாக இருக்கின்றன. வீட்டில் நாம் போடும் மசாலா டீ ஏன் சில நாள் கசக்கிறது, ஏன் திரிகிறது, இத்தனை சாமான் போட்டும் ஏன் மணக்கவில்லை என்ற கேள்விகளுக்கும் இந்தப் பிறப்புக் கதைக்கும் தொடர்பு உண்டு.

தேயிலைச் செடி அசாமில் காடாக வளர்ந்துகொண்டிருந்தது. சிங்போ மக்கள் அதன் இலையைப் பக்குவப்படுத்திக் குடித்துவந்தார்கள். 1823இல் ராபர்ட் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரருக்கு இது தெரியவந்தது; அவருக்கு வழிகாட்டியவர் மணிராம் திவான். 1839 ஜனவரியில் அசாம் தேயிலை முதன்முதலாக லண்டனில் ஏலம் போனது. அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்தியத் தேயிலை கப்பலேறுவதற்காகவே பயிரானது. பறித்தவர்களும் வறுத்தவர்களும் மூட்டை தூக்கியவர்களும் இந்தியர்கள். குடித்தவர்கள் வேறு நாட்டார்.

உள்நாட்டில் டீ குடிக்கவைக்க வேண்டும் என்ற முயற்சி, தோட்ட முதலாளிகள் தாங்களே கேட்டு வாங்கிக்கொண்ட ஒரு வரியிலிருந்து தொடங்கியது. 1903இல் ஏற்றுமதியாகும் தேயிலைக்கு ஒரு சிறு தீர்வை விதிக்கப்பட்டது. அந்தப் பணம் விளம்பரத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. முதலில் அது வெளிநாடுகளில் செலவானது. பிறகு ஆலைகள், சுரங்கங்கள், ரயில் நிலையங்கள் என இந்தியாவுக்குள்ளும் டீக்கடை வைக்கும் வேலை தொடங்கியது. 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் விலை சரிந்து, 1933இன் சர்வதேச உடன்பாட்டால் ஏற்றுமதிக்கும் வரம்பு வந்துவிடவே, தேங்கிய சரக்கைத் தள்ளிவிட உள்நாட்டுச் சந்தையை விட்டால் வேறு வழியில்லை என்றானது. ஊர் ஊராக விளம்பர வண்டிகள் போயின, இலவச டீ ஊற்றப்பட்டது. டீ போடும் முறையை இந்திய மொழிகளில் அச்சிட்ட சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன.

அந்த முறை முழுக்க ஆங்கிலேயரின் முறை. புதுத் தண்ணீரைக் கொதிக்கவிடு; கெண்டியைச் சூடாக்கு; ஆளுக்கு ஒரு கரண்டி இலை போடு; வெந்நீர் ஊற்றி மூடி ஐந்து நிமிடம் வை; கோப்பையில் வடித்த பிறகு கொஞ்சம் பாலும் சர்க்கரையும் சேர். இலையைக் கொதிக்கவிடுவது அந்தப் பாடத்தில் பெரிய பிழை.

வியாபாரிகள் பாடத்தைக் கேட்டுவிட்டுத் தங்கள் கணக்கைப் போட்டார்கள். அந்தக் கணக்கில் ஆக விலை கூடிய பொருள் தேயிலை. ஆளுக்கு ஒரு கரண்டி போட்டால் ஏழைக்குக் கட்டுப்படியாகிற விலையில் விற்க முடியாது. தூளைக் குறைத்து நன்றாகக் கொதிக்கவிட்டால் நிறம் இறங்கும்; குறைந்த தூளின் மெலிவைப் பாலும் சர்க்கரையும் ஈடுகட்டும்; இஞ்சியும் மிளகும் ஏலமும் சேர்ந்தால் தொண்டைக்கு வேண்டிய காரமும் மூக்குக்கு வேண்டிய மணமும் வந்துவிடும். பாலையும் மசாலாவையும் அள்ளிப் போட்டுத் தேயிலையைக் குறைக்கிறார்கள் என்று தேயிலைச் சங்கத்தார் எரிச்சல்பட்டதை, இந்திய உணவு வரலாற்றை எழுதிய லிசி காலிங்ஹாம் குறிப்பிடுகிறார். இன்று இந்தியாவின் அடையாளமாக உலகம் முழுக்க விற்கப்படும் மசாலா டீயை அன்றைக்குத் தேயிலை விளம்பரக்காரர்கள் கலப்படத்துக்கு ஒரு படி கீழே வைத்துப் பார்த்தார்கள் என்பது சுவையான முரண்.

எல்லா மசாலாத் தேநீரும் இப்படிச் சிக்கனத்தில் பிறந்ததல்ல. காஷ்மீரின் கஹ்வா தனி மரபு: பச்சைத் தேயிலை, ஏலம், பட்டை, குங்குமப்பூ, மேலே சீவிய பாதாம், பால் கிடையாது. அது மத்திய ஆசியத் தொடர்பில் வந்தது. சமவெளியின் மசாலா டீயை அதன் வாரிசு என்று சொல்ல முடியாது.

எதிர்ப்பும் இருந்தது. வங்காளத்து வேதியியலாளர் பிரபுல்ல சந்திர ராய் டீயைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். காந்தியும் உடல்நலம் பற்றிய தம் நூலில் அதை விலக்கச் சொன்னார். இலையைக் கொதிக்கவைத்தால் இறங்கும் டானின் கெடுதல் என்பது அவர் வாதம். ஆனால் 1947இல் தேயிலை விளம்பர வாரியத்துக்காக அன்னதா முன்ஷி வரைந்த சுவரொட்டியில், ராட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கையில் டீக்கோப்பை இருக்கிறது. டீ நூறு விழுக்காடு சுதேசி என்கிறது வாசகம். வெள்ளைக்காரன் தந்த பழக்கம் என்ற பழி, சுதந்திரம் வந்த வருடத்திலேயே இப்படி ஒரே படத்தில் துடைக்கப்பட்டது!

இவ்வளவுக்குப் பிறகும் டீ ஏழை வீட்டுக்குள் நுழைந்ததற்கு முக்கியக் காரணம் விளம்பரம் அல்ல என்று ஆய்வாளர் பிலிப் லட்ஜென்டார்ஃப் வாதிடுகிறார். அவர் கைகாட்டுவது ஓர் இயந்திரத்தை. 1930இல் அசாமின் அம்குரி தோட்டத்தில் வில்லியம் மெக்கெர்ச்சர் என்பவர் உருவாக்கிய சி.டி.சி. இயந்திரம் அது. பற்கள் வெட்டிய இரண்டு உருளைகள் எதிரெதிர்த் திசையில் சுழல்கின்றன. ஒன்றைவிட மற்றொன்று ஏறத்தாழ பத்து மடங்கு வேகம். நடுவில் சிக்கும் இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு சிறு மணிகளாக வெளியே வருகிறது. பழைய முறையில் இலையை முறுக்கி உருட்டும்போது செல்கள் ஓரளவே உடையும். இங்கே கிட்டத்தட்ட எல்லாமே உடைந்துவிடும். அதனால் காற்றோடு சேர்ந்து கருப்பது வேகமாகவும் முழுமையாகவும் நடக்கிறது. மென்மையான பூமணங்கள் போய்விடும். நிறமும் அழுத்தமும் கூடும். ஒரு கிலோவில் முன்னைவிடப் பல மடங்கு கோப்பை கிடைக்கும். 1950களுக்குப் பிறகு இந்தத் தூள் பரவப் பரவ, டீ மலிவானது. இன்று இந்தியாவில் விளையும் தேயிலையில் பெரும்பகுதி சி.டி.சி.தான், மொத்த விளைச்சலில் சுமார் 80 விழுக்காட்டை நாமே குடித்துத் தீர்க்கிறோம்.

மசாலா டீயின் ருசியைத் தீர்மானிப்பது இந்த மணித்தூள்தான் என்பது என் முடிவு. டார்ஜிலிங் இலையை வாங்கி இஞ்சி தட்டிப் போட்டுப் பாலில் கொதிக்கவிடுபவர் காசைக் கரியாக்குகிறார். அந்த இலைக்குக் கொடுத்த விலையெல்லாம் அதன் மெல்லிய மணத்துக்கு. இஞ்சியும் கிராம்பும் அதை முதல் நிமிடத்திலேயே அமுக்கிவிடும். மசாலாவுக்கு எதிர்நின்று பேச அழுத்தமான, சற்று முரட்டுத்தனமான தூள் வேண்டும். அசாம் சி.டி.சி. அதற்கு ஏற்றது. நீலகிரித் தூளில் சற்றே தெளிவும் மணமும் கூடுதல், அழுத்தம் குறைவு. அதையே வாங்குகிறவர்கள் அரைக் கரண்டி சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம்.

வடக்கிலும் மேற்கிலும் ஊருக்கு ஊர் மசாலா மாறுகிறது. உத்தரப் பிரதேசத்தில் இஞ்சி ஒன்றே போதும் என்பார்கள். குஜராத்தில் சுக்கும் மிளகும் தூக்கலான பொடி. பல வீடுகளில் புதினாவும் எலுமிச்சைப் புல்லும் சேரும். மகாராஷ்டிரத்திலும் அந்தப் புல் உண்டு. பஞ்சாபில் தண்ணீரே இல்லாமல் பாலில் தூளைக் கொதிக்கவிடும் வழக்கம். தமிழ்நாட்டுக் கடைகளில் மட்டும் வேறு ஏற்பாடு: பாய்லரில் வெந்நீர், துணிப்பையில் தூள், தனியே காயும் பால், டம்ளரின் அடியில் சர்க்கரை, பிறகு ஆற்றுதல். டிகாஷனும் பாலும் கடைசி நொடியில்தான் சந்திக்கின்றன. இந்த முறையில் மசாலாவுக்கு இடமே இல்லை. இஞ்சி, பட்டை போன்றவை நின்று கொதிக்க வேண்டியவை. துணிப்பை வழியாக ஓடும் வெந்நீரில் அவை அசையாது. கடைக்காரர்கள் பாலில் இஞ்சியைத் தட்டிப்போட்டும், ஏலக்காய்ப் பொடியைத் தூவியும் சமாளிக்கிறார்கள். காப்பி நடுத்தர வர்க்கத்துக்கு, டீ உழைப்பாளிக்கு என்ற பிரிவினை தமிழ்நாட்டில் எப்படி உருவானது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக எழுதியிருக்கிறார். அந்தப் பிரிவினையின் விளைவோ என்னவோ, வீட்டில் டீ போடுவதற்கென்று நம்மிடம் தனிக் கைப்பக்குவம் அதிகம் வளரவில்லை. டிகாஷன் இறக்கத் தெரிந்த வீடுகளில்கூட டீ என்றால் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அடுப்பில் ஏற்றுவதுதான்.

அந்த ஒன்றாகப் போடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. முதலில் இஞ்சி.

பச்சை இஞ்சியில் ஜிஞ்சிபெயின் என்றொரு நொதி இருக்கிறது. பப்பாளிக்காயில் இருந்து இறைச்சியை மிருதுவாக்கும் பப்பெயினுக்கு நெருங்கிய உறவு. புரதத்தை வெட்டுவது இதன் வேலை. பாலில் இருக்கும் புரதத்தில் சுமார் 80 விழுக்காடு கேசீன். அது நுண்ணிய உருண்டைகளாகத் திரண்டு, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதப்பதால்தான் பால் பாலாக இருக்கிறது. உருண்டையின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளை இந்த நொதி கத்தரித்துவிட்டால் உருண்டைகள் ஒட்டிக்கொள்ளும், பால் திரியும். சீனாவின் குவாங்டாங் பகுதியில் இதையே ஒரு பண்டமாகச் செய்கிறார்கள். கிண்ணத்தில் இஞ்சிச்சாற்றைப் பிழிந்து வைத்து, 70 டிகிரி அளவில் சூடான பாலை அதன் மேல் ஒரே வீச்சில் ஊற்றி, அசைக்காமல் விட்டால் சில நிமிடத்தில் கெட்டித் தயிர்போல உறைந்துவிடும்; ஒரு கரண்டியை மேலே வைத்தால் தாங்கும் அளவுக்கு. அவர்களுக்குப் பலகாரமாவது நமக்கு வீணான பாலாகிறது.

இந்த நொதி 60 டிகிரிக்குப் பக்கத்தில் மும்முரமாக வேலை செய்யும். 70ஐத் தாண்டினால் விரைவில் செயலிழந்துவிடும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பாலில் இஞ்சியைத் தட்டிப் போட்டு மெதுவாகச் சூடேற்றினால் என்ன நடக்கும் என்று இப்போது தெரியும். பால் 50இலிருந்து 65 டிகிரிக்குள் பல நிமிடம் தங்குகிறது. நொதிக்கு அது பொற்காலம். கொதி வருவதற்குள் ஓரங்களில் வெள்ளைத் துணுக்குகள் மிதக்கத் தொடங்கும். பால் கெட்டுவிட்டது என்று பால்காரரைத் திட்டுவோம். இஞ்சியைத் தண்ணீரில் முதலில் போட்டு மூன்று, நான்கு நிமிடம் கொதிக்கவிட்டால் நொதி அழிந்துபோகும். பிறகு எந்தப் பாலை ஊற்றினாலும் இஞ்சி அதைத் தொடாது. இஞ்சி டீக்கு இருக்கும் ஒரே கண்டிப்பான விதி இது. மற்றவை கைப்பழக்கம்.

பால் திரிவதற்கு இரண்டாவது காரணமும் உண்டு. டீ லேசான அமிலம். காலையில் வாங்கி வெளியே வைத்த பாலில் புளிப்பு ஏறத் தொடங்கியிருந்தால், தனியே காய்ச்சும்போது தாங்கிக்கொண்ட பால் டீயோடு சேரும்போது தாங்காது. இஞ்சியைச் சரியாகக் கொதிக்கவிட்டும் திரிந்தால் குற்றவாளி பால்தான்.

கொதிக்கும் இஞ்சியின் காரம் பச்சை இஞ்சியின் காரமல்ல. பச்சையில் இருக்கும் ஜிஞ்ஜெரால் சூட்டில் ஒரு பகுதி மென்மையான, லேசான இனிப்பு மணமுள்ள பொருளாக மாறுகிறது. காயவைத்தால் வேறு திசையில் போய், அதைவிட உறைப்பான ஷோகவோலாகிறது. சுக்கு இஞ்சியைவிடக் கடுமையாக இருப்பதற்குக் காரணம் இது. எனவே இஞ்சி இல்லாத நாளில் அதே அளவு சுக்கைப் போடக்கூடாது. ஒரு சிட்டிகைப் பொடி இரண்டு டம்ளருக்கு ஏராளம். சுக்கில் ஒரு வசதி, பாலைத் திரிக்கும் அபாயம் மிகக் குறைவு. குஜராத்திப் பொடிகள் சுக்கை அடிப்படையாகக் கொண்டிருப்பதில் வைத்துக்கொள்ளும் வசதி மட்டுமல்ல, இந்தப் பாதுகாப்பும் சேர்ந்திருக்கிறது.

அடுத்தது தூள். நுண்ணிய சி.டி.சி. தூளில் நிறமும் காஃபீனும் ஓரிரு நிமிடத்திலேயே பெரும்பாலும் இறங்கிவிடும். அதற்கு மேல் கொதிப்பது துவர்ப்பைத்தான் கூட்டுகிறது. துவர்ப்பு என்பது நாக்கு உணரும் ருசி மட்டுமல்ல. தேயிலையின் பாலிஃபீனால்கள் எச்சிலில் இருக்கும் புரதங்களைப் பிடித்துக்கொள்வதால் வாய் வழவழப்பை இழந்து வரண்டு இழுக்கிறது. பால் ஊற்றியதும் கேசீன் முந்திக்கொண்டு அந்தப் பாலிஃபீனால்களைப் பிடித்துவிடுகிறது. வாய்க்கு வரவேண்டிய இழுப்பு பாத்திரத்திலேயே தீர்ந்துவிடுகிறது. நம் டீயைக் கொதிக்கவைத்தும் குடிக்க முடிவதன் ரகசியம் இதுதான். பால் இல்லாமல் அதே கொதி கொதிக்கவிட்ட சாயத்தைக் குடித்துப் பார்த்தால் புரியும். ஆனால் பால் துவர்ப்பைத்தான் அடக்கும். அதிக நேரம் கொதித்த தூளின் கசப்பை அது முழுக்க மறைக்காது. டீ கசக்கும்போது சர்க்கரையைக் கூட்டுகிறோம். நேரத்தைக் குறைத்திருக்க வேண்டும்.

தூளைத் தண்ணீரில் போட வேண்டுமா, பால் ஊற்றிய பிறகா? தண்ணீரில்தான் என்பேன். பாலில் நேரடியாகப் போட்டால் சாயம் இறங்கத் தாமதமாகும். அதற்காகக் கூடுதலாகக் கொதிக்கவிட்டுப் பாலைச் சுண்டவைக்க நேரும். பஞ்சாபி முறையில் அந்தச் சுண்டலே நோக்கம். காய்ந்த பாலின் இனிப்பு வாசனையும் கெட்டியும் அவர்களுக்கு வேண்டும். அதைக் குடிக்கும் தட்பவெப்பமும் வேறு. சென்னை வெயிலில் மாலை நான்கு மணிக்கு அந்தக் கெட்டி எனக்கு ஒத்துவரவில்லை.

பாலைப் பற்றி ஒரு கணக்கு. ஆவின் நீல உறையில் கொழுப்பு 3 விழுக்காடு, பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. மசாலா மணங்களில் பெரும்பாலானவை எண்ணெய் சார்ந்தவை. தண்ணீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரைபவை. மிளகின் காரமான பிப்பெரின் தண்ணீரில் அரிதாகவே கரையும். அதனால் கொழுப்புள்ள பால் மசாலாவை ஏந்தி வரும். நாக்கில் மெதுவாக, நீண்ட நேரம் விடும். அதற்காக ஆரஞ்சு உறையை வாங்கினால் கொழுப்பே மேலோங்கி டீ மந்தமாகிவிடுகிறது. பச்சை உறை நடுவாந்தரம். நீல உறைதான் வீட்டில் இருக்கிறது என்றால் தண்ணீரைக் குறைத்துக்கொண்டால் தீர்ந்தது.

இப்போது மசாலாக்களின் முறை. இவற்றில் இரண்டு குணம் உண்டு: நின்று கொதிக்கத் தாங்குபவை, தாங்காதவை. பட்டை, மிளகு, கிராம்பு, இஞ்சி முதல் வகை. ஏலக்காய் இரண்டாவது. ஏலத்தின் மணம் அதன் விதையில் உள்ள ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. ஐந்து நிமிடம் திறந்த பாத்திரத்தில் கொதித்தால் அடுப்படி மணக்கும், டீ மணக்காது. ஏலக்காயை உடைத்து, பால் பொங்கி அடங்கும் கடைசி நிமிடத்தில் போட்டு, அடுப்பை அணைத்து மூடிவிட வேண்டும். தோலையும் போடலாம், கெடுதல் இல்லை. ஆனால் அதில் மணம் சொற்பம்.

ஏலக்காயின் விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. போடிநாயக்கனூரிலும் இடுக்கியின் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் நடக்கும் ஏலங்களில் காயின் பருமனும் பச்சை நிறமும் விலையை ஏற்றுகின்றன. 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட காய்க்கு மவுசு அதிகம். பாயசத்தின் மேல் முழுதாகத் தெரிய வேண்டுமென்றால் அது சரி. டீக்குத் தட்டிப்போடுகிறவர் அந்தப் பருமனுக்குப் பணம் கொடுப்பது வீண். சிறிய காயை உரித்துப் பார்த்தால் உள்ளே விதைகள் கறுத்து, பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். காய்ந்து பழுப்பாக உதிர்ந்தால் பழைய சரக்கு. வெளித்தோல் சற்று வெளுத்திருப்பது பொருட்டல்ல.

பட்டையில் இரண்டு சாதி. இலங்கைப் பட்டை தாள்போல மெல்லியது; பல அடுக்குகளாகச் சுருட்டியிருக்கும், விரலால் நொறுக்கலாம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் தடித்த, ஒற்றை அடுக்குப் பட்டை கேசியா. அதன் மணம் முரடு, காரம் கூடுதல். அதில் குமாரின் என்ற பொருளும் கணிசமாக இருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வரை குமாரினைத் தாங்கத்தக்க அளவாக வைத்திருக்கிறது. டீயில் போடும் ஒரு துணுக்கால் அதைத் தாண்டுவது கடினம். பொடியாக்கித் தினமும் கரண்டிக் கணக்கில் சாப்பிடுபவர்கள்தான் கவலைப்பட வேண்டும். டீயைப் பொறுத்தவரை பொடியின் தொல்லை வேறு: பட்டைப் பொடி நீரில் ஊறிக் கொழகொழப்பாகும், டம்ளரின் அடியில் கடைசி வாயில் அது வழுக்கிக்கொண்டு வரும். பட்டையை உடைத்துப் போடுங்கள், பொடிக்காதீர்கள். கிராம்பு இரண்டு டம்ளருக்கு ஒன்று. இரண்டு போட்டால் பல்வலி மருந்தின் நினைவு வரும், இரண்டிலும் இருப்பது அதே யூஜெனால். சோம்பு ஒரு சிட்டிகை இனிப்பைக் கூட்டிக் காட்டும். சாதிக்காய் எனக்குப் பிடிக்காது. விருப்பமுள்ளவர்கள் ஒரு துருவலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆறேழு சாமான் சேர்ந்தால்தான் மசாலா டீ என்ற எண்ணத்தைப் பொட்டலக்காரர்கள் வளர்த்துவிட்டார்கள். இஞ்சியும் ஏலமும் இருந்தால் முக்கால் வேலை முடிந்தது. மிளகு குளிர்காலத்துக்கு. மற்றவை ஒவ்வொன்றும் சேரச் சேர முந்தியதைக் கொஞ்சம் மங்கவைக்கின்றன. கடைசியில் எல்லாம் சேர்ந்து பிரியாணி வாசனைக்குக் கிட்டத்தில் போய்விடும்.

இரண்டு டம்ளருக்கு நான் பரிந்துரைக்கும் அளவு இது. 200 மில்லி தண்ணீர், 150 மில்லி பால், தட்டையாக 2 தேக்கரண்டி தூள், கட்டைவிரல் நுனியளவு இஞ்சி, 3 சிறிய ஏலக்காய், வேண்டுமானால் 3 மிளகும் ஒரு கிராம்பும். இஞ்சியைத் துருவாமல் இடிகல்லில் தட்டுங்கள். துருவினால் நார் வடிகட்டியை அடைக்கும். இஞ்சியும் மிளகும் கிராம்பும் தண்ணீரில் நான்கு நிமிடம் கொதிக்கட்டும். தூளைப் போட்டு, தணலைக் குறைத்து இரண்டு நிமிடம். பிறகு பால், முடிந்தால் ஏற்கெனவே காய்ச்சியது. பாலின் புரதமும் கொழுப்பும் குமிழிகளின் மேல் சவ்வாகப் படர்ந்து நீராவியை அடைத்துவைப்பதால்தான் அது கண் மூடித் திறப்பதற்குள் பொங்கி வழிகிறது. ஒருமுறை பொங்க விட்டு, பாத்திரத்தைத் தூக்கி அடக்கி, மறுபடி ஒருமுறை. இரண்டாவது பொங்கலில் ஏலம். மூடி ஒரு நிமிடம் வைத்து வடிகட்டினால் நிறம் செங்கல்லுக்கும் சந்தனத்துக்கும் நடுவில் நிற்கும்.

டீ போடுவதற்கென்று சர்வதேசத் தர நிர்ணய அமைப்பே 1980இல் ஒரு தரம் வெளியிட்டது: 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிட ஊறல். இதன் மூலமான பிரிட்டிஷ் தரத்துக்கு 1999இல் கேலி விருதான இக் நோபல் கொடுத்தார்கள். அது நல்ல டீ போடும் வழியல்ல, சுவைப்பவர்கள் ஒரு தூளை இன்னொன்றோடு ஒப்பிடுவதற்கான வழி. இருந்தாலும் இலையின் அளவைச் சரிபார்க்க உதவும். நம் இரண்டு டம்ளரில் தண்ணீரும் பாலும் சேர்ந்த 350 மில்லிக்குச் சுமார் 5 கிராம் தூள் என்பது அந்தத் தரத்தைவிடக் குறைவு. ரயில்நிலைய வியாபாரியின் சிக்கனம் நம் கையிலும் இருக்கிறது.

தண்ணீர் யாரும் கவனிக்காத பொருள். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் போட்ட டீயில் மேலே எண்ணெய்ப் படலம்போல ஒன்று மிதக்கும். அது தூளின் எண்ணெய் அல்ல. தண்ணீரின் கால்சியமும் பைகார்பனேட்டும் சேர்ந்து தேயிலையின் பாலிஃபீனால்களைக் காற்றோடு வினைபுரியவைத்து உருவாக்கும் படலம் என்று 1990களில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மைக்கேல் ஸ்பைரோவும் அவர் கூட்டாளியும் கண்டறிந்தார்கள். நிறமும் மங்கி, கறுத்துத் தெரியும். குடிதண்ணீரைப் பயன்படுத்தினாலே இது தீரும். உயரமும் கணக்கில் வரும்: ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 93 டிகிரிக்கு உள்ளாகவே கொதித்துவிடும். இஞ்சிக்கும் தூளுக்கும் அங்கே ஒரு நிமிடம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

தூளில் சாயக் கலப்படம் பற்றிய அச்சம் நியாயமானது. வடிகட்டும் தாளை நனைத்து அதன்மேல் கொஞ்சம் தூளைத் தூவி, சில நிமிடம் கழித்துத் தட்டிவிட்டுக் கழுவிப் பாருங்கள். சாயமேற்றிய தூளானால் தாளில் ஆங்காங்கே கறை தெரியும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வீட்டுச் சோதனையாகப் பரிந்துரைப்பது இது.

ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 150 மில்லி டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் காஃபீன் என்றும், நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்றும் சொல்கிறது. அதைவிட முக்கியம், உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ குடிக்காதீர்கள் என்பது. பாலிஃபீனால்கள் தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடுவதில்லை. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிற நாட்டில், இட்லியைத் தின்றுகொண்டே டீ குடிக்கும் பழக்கம் யோசிக்க வேண்டியது. இஞ்சி ஜீரணத்துக்கு நல்லது என்று சொல்லி மத்தியானச் சாப்பாட்டோடு மசாலா டீயைச் சேர்த்துக்கொள்பவர்களுக்கும் இது பொருந்தும்.

கடைசியாகச் சர்க்கரை. வெள்ளைச் சர்க்கரையை எப்போது வேண்டுமானாலும் போடலாம். வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி விஷயம் அப்படியல்ல. இவற்றில் இருக்கும் சிறிதளவு புளிப்பும் உப்புகளும் கொதிக்கும் பாலில் சேர்ந்தால், பால் கொஞ்சம் பழையதாக இருந்தாலே போதும், திரித்துவிடும். கருப்பட்டியில் மண்ணும் தும்பும் இருப்பது தனித் தொல்லை. தமிழ்நாட்டில் இப்போது பெருகியிருக்கும் கருப்பட்டி டீக்கடைகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள்: கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, வடிகட்டிப் பாகாகத் தனியே வைத்துக்கொண்டு, டம்ளரில் முதலில் அதை ஊற்றி அதன்மேல் டீயை ஆற்றுகிறார்கள். வீட்டிலும் அதுவே சரி. பாகைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நாலைந்து நாள் வரும். கருப்பட்டிக்கே தனிக் காரமும் புகை மணமும் இருப்பதால், அதைச் சேர்க்கிற அன்று கிராம்பையும் பட்டையையும் விட்டுவிட்டு இஞ்சியை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.